ரேம் வாங்குமுன் ஒரு சோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த, கணினியின் வேகத்தைக் கூட்டும் வழிகள் பற்றிய கட்டுரையை எங்கள் மாணவர்கள் வெட்டியெடுத்து ஆய்வக அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் இயக்க அமைப்பைப் பற்றித் தமிழ் நாளிதழ் ஒன்றில் அரைப்பக்கம் வருவது அடிக்கடி நடப்பதன்று என்பதால் முதலில் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் அக்கட்டுரை தந்த இரண்டு யோசனைகளை, பதினாறு ஆண்டுகளாகக் கல்லூரிக் கணினி ஆய்வகங்களைப் பராமரித்து வருபவன் என்ற முறையில், என்னால் பேசாமல் கடந்து போக முடியவில்லை. ‘ஃப்ரீ’ என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்து, காலி நினைவகம் 200 மெகாபைட்டுக்குக் கீழே இருந்தால் உடனே கூடுதல் ரேம் வாங்க வேண்டும் என்பது ஒன்று. மணிக்கொரு முறை கேச் நினைவகத்தைத் துடைத்துவிடும் கட்டளையை, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் கிரானில் போட்டு வைத்தால் கணினி புத்துணர்ச்சி பெறும் என்பது மற்றொன்று. முதல் யோசனை வாசகரின் பணத்தை வீணாக்கும். இரண்டாவது, கட்டுரையாளர் நினைத்ததற்கு நேர்மாறாகக் கணினியை மெதுவாக்கும்.

மளிகைக் கடைக்காரர் அடிக்கடி விலைபோகும் சாமான்களைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைத்துக்கொள்வார். அந்த அடுக்கு நிறைந்திருக்கிறதே என்று யாரும் கடையில் இடமில்லை என முடிவு கட்டுவதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் அதையே செய்கிறது. வட்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்பை, ரேமில் இடமிருக்கும் வரை கையருகே வைத்துக்கொள்கிறது. இந்தக் கையிருப்புதான் கேச். வேறு நிரல் ஒன்று இடம் கேட்டால், மாற்றம் ஏதும் செய்யப்படாத பக்கங்களை, அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளை, அந்தக் கணமே விட்டுக்கொடுத்துவிடுகிறது. ஆகவே ‘ஃப்ரீ’ கட்டளையில் பார்க்க வேண்டியது காலி என்ற நெடுவரிசையை அன்று. கடைசியில் இருக்கும் ‘அவைலபிள்’ என்ற நெடுவரிசையை. அந்த மதிப்பீட்டை 2014-இல் வந்த 3.14 பதிப்பிலிருந்து கெர்னலே கணக்கிட்டுத் தருகிறது. நான் இதை எழுதும் 4 ஜிகாபைட் கணினியில் இப்போது காலி 180 மெகாபைட், கிடைக்கக்கூடியது 2.3 ஜிகாபைட். கட்டுரையின் அளவுகோல்படி இந்த இயந்திரம் மூச்சுத் திணறிக்கொண்டிருக்க வேண்டும். அதுவோ நிம்மதியாக இருக்கிறது. கேச்சைத் துடைக்கும் ‘ட்ராப் கேச்சஸ்’ என்ற வசதியும், சோதனைகளுக்காகவும் பிழை தேடுவதற்காகவும் வைக்கப்பட்டதே தவிர அன்றாடப் பராமரிப்புக்கு உரியதன்று என்பதைக் கெர்னலின் ஆவணங்களே தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. கைப்பேசியில் நாள் முழுவதும் ‘ரேம் கிளீனர்’ ஓட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும் என்றாலும், அது தனிக் கடிதத்துக்கு உரிய விஷயம்.

அப்படியென்றால் ரேம் போதுமா போதாதா என்பதை எப்படித்தான் அறிவது? நெருக்கடியை வேண்டுமென்றே உண்டாக்கி, அப்போது இயக்க அமைப்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதுதான் நேரான வழி. அதற்கென்றே ‘ஸ்ட்ரெஸ்-என்ஜி’ என்ற கட்டளை வரிக் கருவி இருக்கிறது. முன்பிருந்த ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சிறு நிரலை அடியொற்றி, காலின் இயன் கிங் என்ற நிரலாளர் சி மொழியில் புதிதாக எழுதி வளர்த்து வருவது இது. உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளின் களஞ்சியங்களிலிருந்து ஒரே கட்டளையில் இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். செயலி, வட்டு, வலையமைப்பு என்று கணினியின் ஒவ்வொரு பகுதியையும் வருத்தும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகள் இதில் உண்டு. நமக்கு வேண்டியது ‘வி.எம்.’ என்ற சோதனையும் அதன் உறவுகளும்தான். எத்தனை வேலையாட்கள், எவ்வளவு நினைவகம், எவ்வளவு நேரம் என்று மூன்று எண்களைக் கொடுத்தால், அது அவ்வளவு நினைவகத்தைக் கேட்டு வாங்கி, அதில் எழுதி, எழுதியதைச் சரிபார்த்து, விடுவித்து, மறுபடியும் கேட்டுக்கொண்டே இருக்கும். ‘பிக்ஹீப்’ என்ற சோதனை, நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகமான குவியலை விடாமல் பெருக்கிக்கொண்டே போகும். ‘ஸ்டாக்’ என்பது அடுக்கு நினைவகத்தை நிரம்பி வழியச் செய்யும்.

இதை மெம்டெஸ்ட்86-உடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. தங்கள் கட்டுரை குழப்பிக்கொண்டிருக்கிறது. மெம்டெஸ்ட்86 இயக்க அமைப்பு ஏறுவதற்கு முன்பே தானாக இயங்கி, ரேம் சில்லில் பழுதான பிட் இருக்கிறதா என்று தேடுவது. சில்லு முழு ஆரோக்கியத்துடன் இருந்தாலும் அதைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிர்வாகம் தடுமாறலாம். அந்தத் தடுமாற்றத்தை மெம்டெஸ்ட்86 ஒருநாளும் காட்டாது.

நிர்வாகம் என்றேன். லினக்ஸ் நினைவகத்தை நிர்வகிக்கும் முறையில், தெரியாதவர்களைத் திடுக்கிட வைக்கும் ஒரு பழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் ஆயிரம் பேருக்குப் பத்திரிகை கொடுத்துவிட்டு அறுநூறு இலைக்குச் சமைப்பதைப் போல, அது தன்னிடம் இருப்பதைவிட அதிகமான நினைவகத்தை நிரல்களுக்கு வாக்களித்துவிடும். எங்கள் மாணவர் ஒருவர் இருபது வரியில் ஒரு சி நிரல் எழுதி, இதே 4 ஜிகாபைட் கணினியில் ஒவ்வொரு ஜிகாபைட்டாக நூறு முறை நினைவகம் கேட்டார். நூறு முறையும் ‘சரி’ என்றே பதில் வந்தது. ஓடும் நிரல்களைப் பட்டியலிடும் ‘டாப்’ திரையில் அந்த நிரலுக்கு நேரே, வாக்களித்ததைச் சொல்லும் ‘விர்ட்’ நெடுவரிசை 100 ஜிகாபைட்டைக் காட்ட, உண்மையில் கொடுத்ததைச் சொல்லும் ‘ரெஸ்’ நெடுவரிசை சில மெகாபைட்டுகளைத் தாண்டவில்லை. வாங்கிய இடத்தில் ஒரு பைட்டையாவது எழுதும்போதுதான் கெர்னல் உண்மையான பக்கத்தை, அதாவது 4 கிலோபைட் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தும். இது ஏமாற்று வேலை அன்று. ஒரு செயல்முறை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், தன்னையே நகலெடுத்துக்கொள்ளும்போது தாயும் சேயும் ஒரே பக்கங்களைப் பகிர்ந்துகொள்வதால், இரு மடங்கு இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்கச் சொன்னால் பெரிய நிரல்கள் பலவும் ஓடவே மாட்டா. ரெடிஸ் தரவுத்தளம் இந்தத் தாராளத்தை இன்னும் கூட்டச் சொல்லித் தொடங்கும்போதே எச்சரிக்கை விடுகிறது. போஸ்ட்கிரஸ் என்ற மற்றொரு தரவுத்தளத்தின் ஆவணங்களோ தாராளத்தை அடக்கி வைக்கச் சொல்கின்றன. இரண்டு ஆலோசனையும் அவரவர் தொழிலுக்குச் சரியானவையே.

அழைக்கப்பட்ட ஆயிரம் பேரும் முதல் பந்திக்கே வந்து உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. முதலில் கேச் சுருங்கும்; பிறகு வட்டில் இதற்கென ஒதுக்கப்பட்ட ஸ்வாப் பகுதிக்குப் பக்கங்கள் இடம்பெயரும்; அதுவும் நிறைந்தால், ‘ஓ.ஓ.எம். கில்லர்’ (ஓ.ஓ.எம். என்றால் ‘அவுட் ஆஃப் மெமரி’, நினைவகம் தீர்ந்த நிலை) என்று அழைக்கப்படும் கெர்னல் பகுதி ஒரு செயல்முறையைத் தேர்ந்தெடுத்துக் கொன்றுவிடும். இந்த மூன்று கட்டங்களையும் ஒரே பிற்பகலில் கண்ணால் பார்க்கலாம். 4 ஜிகாபைட் ரேமும் 2 ஜிகாபைட் ஸ்வாப்பும் சுழலும் வன்தட்டும் உள்ள பழைய கணினி ஒன்றில் நாங்கள் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு முனையத்தில், நினைவக நிலவரத்தை எண்களாகக் காட்டும் ‘வி.எம்.ஸ்டாட்’ நொடிக்கு ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தது, இன்னொன்றில் ஸ்ட்ரெஸ்-என்ஜி. ஒன்றரை ஜிகாபைட் கேட்டபோது கேச் எண் மட்டும் சரசரவென்று இறங்கியது. உலாவியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. மூன்று ஜிகாபைட்டுக்கு ஸ்வாப்புக்குச் செல்லும் எண்ணிக்கை சில நொடிகள் ஏறி அடங்கியது. வெகுநேரம் தொடாத ஜன்னலைத் திறந்தபோது மட்டும் ஒரு தயக்கம். நாலரை ஜிகாபைட்டை மூன்று வேலையாட்களுக்குப் பிரித்துக் கொடுத்தபோது காட்சியே மாறிவிட்டது. உள்ளே வருவதும் வெளியே போவதும் இரு நெடுவரிசையிலும் ஒரே நேரத்தில் ஐந்திலக்க எண்களாக ஓட, வன்தட்டின் விளக்கு அணையாமல் எரிய, சுட்டியை அசைத்தால் அம்பு நான்கு நொடி கழித்து நகர்ந்தது. ‘ஒரு நொடிக்கு ஒரு வரி’ என்று சொல்லியிருந்த வி.எம்.ஸ்டாட்டே பத்து நொடிக்கு ஒருமுறைதான் வாய் திறந்தது. ஒரு பக்கத்தைக் கொண்டுவர இன்னொன்றை வெளியேற்றி, வெளியேற்றியதையே அடுத்த கணம் தேடிப்போகும் இந்த நிலைக்கு ‘த்ராஷிங்’ என்று பெயர். கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-லேயே இதன் காரணத்தை விளக்கிவிட்டார்.

கெர்னல் கொலைத் தொழிலில் இறங்க ஏன் அத்தனை தாமதிக்கிறது என்று மாணவர்கள் கேட்டார்கள். சிறிதளவாவது பக்கங்களை விடுவிக்க முடிகிற வரை அது நம்பிக்கை இழப்பதில்லை. ஆனால் அதற்குள் மனிதர் பொறுமையிழந்து மின் பொத்தானை அழுத்திவிடுகிறார். இந்தக் குறையை நிரப்பத்தான், 2018-இல் வந்த 4.20 பதிப்பில் கெர்னலுக்குள் நெருக்கடியை அளக்கும் ‘பி.எஸ்.ஐ.’ என்ற அளவி சேர்க்கப்பட்டது. அதைக் கவனித்து முன்கூட்டியே செயல்படும் ‘சிஸ்டம்டி-ஊம்டி’ என்ற பின்னணி நிரல், ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையின் 34-ஆம் பதிப்பிலும் உபுண்டு 22.04-இலும் இயல்பாகவே இடம்பெற்றது. உபுண்டுவில் அது அவசரப்பட்டு உலாவிகளைக் கொல்கிறது என்று பயனர்கள் கொதித்ததும் நடந்தது. சீக்கிரம் கொன்றாலும் தொல்லை, தாமதித்தாலும் தொல்லை.

இந்தக் கருவியின் அருமையை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில், செய்முறைத் தேர்வு நாளன்று நாற்பது மாணவர்கள் ஒரே சர்வரில் நுழைந்து நிரல் எழுதிக்கொண்டிருக்க, பதினொரு மணிவாக்கில் தரவுத்தளம் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்தது. மறுபடி ஏற்றினோம், அரை மணியில் மறுபடி விழுந்தது. தேர்வு ஒத்திவைக்கப்பட்டது. கல்லூரி நிர்வாகம் ரேமை 4-இலிருந்து 8 ஜிகாபைட்டாக உயர்த்தித் தந்தது. அடுத்த தேர்விலும் அதே கதை. பிறகுதான் கெர்னல் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தேன். ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரிக்கு எதிரே கொல்லப்பட்டதாக இருந்தது தரவுத்தளத்தின் பெயர். ஓ.ஓ.எம். கில்லர் யாரைக் கொல்வது என்று முடிவெடுக்க ஒவ்வொரு செயல்முறைக்கும் மதிப்பெண் போடுகிறது. அந்த மதிப்பெண், அது உண்மையில் பிடித்து வைத்திருக்கும் நினைவகத்தின் அளவைப் பொறுத்தது. மாணவர்களின் நாற்பது நிரல்களும் தலைக்குக் கொஞ்சமாகத் தின்று மொத்தத்தையும் காலி செய்திருந்தன. ஆனால் தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரையும்விடப் பெரிய உருவம் தரவுத்தளம்தான். தின்றவர்கள் தப்பிவிட்டார்கள், பந்தியில் பருமனாக உட்கார்ந்திருந்த ஒரே குற்றத்துக்காக வேறொருவர் எழுப்பப்பட்டார்.

நோய் தெரிந்ததும் மருந்து எளிது. தரவுத்தளத்தின் ஓ.ஓ.எம். மதிப்பெண்ணைக் குறைக்கும் திருத்தத்தை, மைனஸ் 1000 முதல் 1000 வரை போகும் அந்த அளவையில், மைனஸ் 900 என்று வைத்தேன். மாணவர்களின் அமர்வுகளுக்கு, செயல்முறைகளைக் குழுவாக்கி வரம்பு விதிக்கும் கெர்னல் வசதியான சி-குரூப் மூலம் மொத்த வரம்பு ஒன்றையும் போட்டேன். ஆனால் இதில் எனக்கு ஓர் அடி விழுந்தது, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. திருத்தம் செய்வதற்கு முன்பே, பழைய நிலையில் சர்வர் எப்படி விழுகிறது என்று காட்டுவதற்காக ஸ்ட்ரெஸ்-என்ஜியின் நாற்பது வேலையாட்களை, ஒவ்வொன்றும் 150 மெகாபைட் பிடிக்கும்படி ஓட விட்டேன். தரவுத்தளம் அசையவே இல்லை. இறந்தவை எல்லாம் சோதனையின் வேலையாட்களே. சர்வரில் குறையே இல்லையோ என்று ஒரு நாள் முழுதும் குழம்பினேன். கையேட்டை நிதானமாகப் படித்த பிறகே விளங்கியது: இந்தக் கருவி, தன்னால் மற்றவர்களுக்குத் தீங்கு நேரக் கூடாது என்று, தன் வேலையாட்களின் மதிப்பெண்ணை உச்சத்துக்கு ஏற்றி, தாமாகவே பலிக்கு முன்வந்து நிற்கும்படி செய்துவிடுகிறது. போதாக்குறைக்கு, கொல்லப்பட்ட வேலையாளை மறுபடி எழுப்பியும் விடுகிறது. ‘நோ-ஊம்-அட்ஜஸ்ட்’ என்ற விருப்பத்தைக் கொடுத்து அந்தத் தியாகத்தை நிறுத்தி, ‘ஊமபிள்’ என்ற விருப்பத்தால் உயிர்த்தெழுதலையும் நிறுத்திய பின், தேர்வு நாளில் நடந்தது அப்படியே என் கண்முன் நடந்தது. சோதனைக் கருவியும் சோதிக்கப்படும் அமைப்புக்குள்தான் வாழ்கிறது என்பதை அன்று முதல் மறப்பதில்லை. திருத்தங்களுக்குப் பின் அதே சோதனையை இருமுறை ஓட்டினேன். அடுத்த தேர்வு சத்தமில்லாமல் முடிந்தது. இதற்கு 8 ஜிகாபைட்டும் தேவைப்பட்டிருக்காது என்று பிறகு நிர்வாகத்திடம் சொன்னபோது அவர்கள் மகிழ்ச்சியடையவில்லை.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கும் இதற்கு இணையானது உண்டு. மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் 1996-இல் தொடங்கி, 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிக்கொண்ட சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ‘டெஸ்ட்லிமிட்’ என்ற சிறு கட்டளை வரி நிரல் இருக்கிறது. நினைவகத்தை முகவரியளவில் ஒதுக்கி மட்டும் வைப்பது, உரிமை வாங்குவது, வாங்கித் தொட்டும் பார்ப்பது என்று மூன்று நிலைகளையும் தனித்தனி எழுத்துகளால் அது பிரித்துக் காட்டும். விண்டோஸ் நம் கல்யாண வீட்டு வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. ரேமும், ஸ்வாப்பைப் போல வட்டில் இருக்கும் பேஜ் ஃபைலும் சேர்ந்த மொத்தம்தான் வரம்பு. அதற்கு மேல் உரிமை கேட்டால் கேட்ட இடத்திலேயே மறுத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் ‘கமிட்டட்’ என்ற இடத்தில் சாய்கோட்டின் இருபுறமும் தெரியும் இரண்டு எண்கள், இதுவரை கொடுத்த உரிமையும் இந்த வரம்பும்தான். ஆகவே விண்டோஸில் நிரல் கேட்கும்போதே தோற்கிறது. லினக்ஸில் பயன்படுத்தும்போது சாகிறது. இந்த வேறுபாட்டை ஓர் உரையால் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். இரண்டு கணினிகளை அருகருகே வைத்தால் ஐந்து நிமிடம்.

ஆர்வத்தில் இன்றே முயல நினைக்கும் வாசகர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். நேரம் குறிப்பிடாமல் ஸ்ட்ரெஸ்-என்ஜியை ஓட விட்டால் அது ஒரு நாள் முழுவதும் ஓடும். முதன்முறை 60 நொடி போதும். சேமிக்காத வேலை திறந்திருக்கும் கணினியிலோ, பிறர் பயன்படுத்தும் சர்வரிலோ ஓட்ட வேண்டாம். த்ராஷிங் தொடங்கியபின் அதை நிறுத்துவதே கடினமாகலாம் என்று கையேடே எச்சரிக்கிறது. நிரலுக்கு நினைவக வரம்பு போட்டு ஓட்ட உதவும் ‘சிஸ்டம்டி-ரன்’ கட்டளை மூலம் 1 ஜிகாபைட் வேலிக்குள் சோதனையை அடைத்து ஓட்டினால், உள்ளே எவ்வளவு ரகளை நடந்தாலும் மேசையில் உள்ள மற்ற வேலைகள் பிழைக்கும். முடிவில் ஸ்ட்ரெஸ்-என்ஜி அச்சிடும் ‘போகோ ஆப்ஸ்’ (போலிச் செயல்கள்) என்ற எண்ணை வைத்து உன் கணினி பெரிதா என் கணினி பெரிதா என்று போட்டி போடுவதிலும் பொருளில்லை; அது துல்லியமான அளவீடாகக் கருதப்படவே இல்லை, பெயரே அதைச் சொல்கிறது.

நம் கல்லூரிகளில் இயக்க அமைப்புப் பாடம் எப்படி நடக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மூன்று கட்டம் போட்டு, ஏழு, பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று எண்களை வரிசையாக நிரப்பி, முதலில் வந்தது முதலில் போகும் முறையில் எத்தனை பக்கத் தவறு (தேடிய பக்கம் ரேமில் இல்லாமல் போவது), நெடுநாள் தொடாதது போகும் முறையில் எத்தனை என்று கணக்கிடுவார்கள். ஆய்வகத்திலும் அதே கணக்கைச் செய்யும் ஒரு சி நிரலை எழுதி, விடையை ஏட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். மான்செஸ்டரில் 1962-இல் அட்லஸ் கணினி, ரேமோடு வட்டையும் சேர்த்து ஒரே நினைவகம்போல் காட்டும் மெய்நிகர் நினைவகத்தை முதன்முதலாகச் செயல்படுத்திக் காட்டியதிலிருந்து இந்தக் கணக்குகளுக்கு மதிப்பு இருக்கிறது. அவை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தன் மேசையில் இருக்கும் கணினி இந்த நொடியில் எத்தனை பக்கத் தவறுகளைச் சந்திக்கிறது என்று ஒருமுறைகூடப் பார்க்காமலேயே ஒருவர் அந்தத் தாளில் முழு மதிப்பெண் வாங்கிவிட முடிகிறது. எங்கள் ஆய்வகத்தில் பாடத்திட்டத்துக்கு வெளியே, பருவத்துக்கு ஒரு சனிக்கிழமை பிற்பகல் மட்டும் இந்தச் சோதனையை நடத்துகிறோம். பழைய கணினி ஒன்று, ஸ்ட்ரெஸ்-என்ஜி, வி.எம்.ஸ்டாட், இவ்வளவே செலவு. அம்பு உறைந்து நிற்கும் அந்த நான்கு நொடியில் மாணவர்களின் முகத்தில் தோன்றும் பதற்றத்துக்குப் பிறகு, த்ராஷிங்குக்கு வரைவிலக்கணம் எழுதச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆசிரியர் அவர்கள் வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். ‘ட்ராப் கேச்சஸ்’ வரியைக் கிரானில் சேர்த்துவிட்ட வாசகர்கள் அதை நீக்கிவிடலாம் என்றும், ‘ஃப்ரீ’ கட்டளையில் கடைசி நெடுவரிசையைப் பார்க்க வேண்டும் என்றும் இரண்டே வரி போட்டால் போதும். எங்கள் அறிவிப்புப் பலகையில் கட்டுரைக்குப் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
கல்லூரிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.